பின்கதவு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். இன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிட வேண்டும்.

"எனக்குத் தெரியும் மேடம்." இவ்வளவுதான். மூன்று சொற்கள். வாய் வரை வந்தன, சொல்லவில்லை.

எங்கள் கம்பெனிக்குப் பொருள் செய்துகொடுக்கும் இடங்களில் வேலை செய்கிறவர்கள் மனிதர்களாக நடத்தப்படுகிறார்களா என்று பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை என்று உங்களுக்குத் தெரியும். இன்று காலை மேடம் ஒரு பள்ளிப் பையை மேஜையில் வைத்தார். சாம்பல் நிறம், ஆரஞ்சு ஜிப். "நம்ம பட்டியல்ல இருக்கிற ஃபாக்டரியில தோள்ல மாட்டுற பட்டையை கம்ப்யூட்டர் மெஷின்தான் தைக்குது. எல்லாம் ஒரே அச்சா இருக்கும். இது கையால ஓட்டின தையல். வேலை வெளிய எங்கேயோ போகுது. யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். பை எட்டுப் பேர் கைமாறி என்னிடம் வந்தது.

பட்டை சேருமிடத்தில் ஒரு சதுரம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. முடிக்கும்போது தையல் மூலைக்கு வெளியே ஒரு விரற்கடை ஓடித் திரும்பியிருந்தது. இடது கைக்காரர் தைத்ததால் குறி மறுபக்கத்திலிருந்து தொடங்கியிருந்தது. அதே தையல் என் தோளில் நான்கு வருடமாகத் தொங்குகிறது. நான் வேலைக்குக் கிளம்பிய அன்று நீங்கள் தைத்துக் கொடுத்த பை அது.

பையை அடுத்தவரிடம் நகர்த்திவிட்டேன்.

நீங்கள் தைக்கப் போகும் ஷெட்டுக்கு இந்தப் பை வருகிறதா? எங்கள் படிவத்தில் உள்ள பன்னிரண்டு கேள்விகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். ஃபோனில் கேட்க முடியாது. அண்ணனின் ஃபோன் வீட்டுக்கும் பொது, தெருவுக்கும் பொது.

உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அண்ணனுக்கு ஓட்ட லாரி கிடைத்ததா?

உங்கள்,
கண்ணாடி


ஜனவரி 17

அன்புள்ள கண்ணாடிக்கு,

முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இருவரும் சமாதானமாகத்தான் இருக்கிறார்கள். உன் அண்ணனுக்கு இன்னும் லாரி அமையவில்லை. ஆனால் உடம்பு நன்றாக இருக்கிறது. வேலை இல்லாத ஆண்களுக்கு உடம்பு எப்போதும் நன்றாகவே இருக்கும்.

பை எங்களுடையதுதான். நாலு மாதமாக வருகிறது. பெரிய ஃபாக்டரியிலிருந்து வெட்டின துணி வேனில் வரும், நாங்கள் தைத்து அனுப்புவோம், லேபிளை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். அது உன் கம்பெனிக்குப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் மூலையில் என் பெயரையே தைத்திருப்பேன்.

உன் கேள்விகளுக்குப் பதில். நாற்பத்து மூன்று பேர், எல்லாம் பெண்கள். சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை. குடிதண்ணீர் உண்டு. கழிப்பறை ஒன்று, வரிசை உண்டு. காலை எட்டரைக்கு வந்தால் சாயங்காலம் ஆறரை, வேன் அவசரப்படுத்தினால் எட்டரை. திட்டுவார்கள், அடிக்க மாட்டார்கள். விளக்கு பளிச்சென்று இருக்கிறது. மற்றதெல்லாம் தாளிலேயே எழுதியிருக்கிறேன்.

நீ ஒன்றும் சொல்லாமல் விட்டதே நல்லது. அப்படியே இரு. நேரத்துக்குச் சாப்பிடு. படிக்கிறேன் என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, கெடுக்க இனி மிச்சமும் இல்லை.

அண்ணி


ஜனவரி 25

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். ஜலதோஷம் வந்து போய்விட்டது.

பன்னிரண்டு கேள்விகளில் பதினொன்றுக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். கழிப்பறை வரிசையைப் பற்றி மட்டும் ஆறு வரி. ஒன்பதாவது கேள்விக்கு எதிரே தாள் வெறுமையாக இருக்கிறது. "வெளியேற எத்தனை கதவுகள்? வேலை நேரத்தில் அவை திறந்திருக்கின்றனவா?"

மறதி என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். மறக்கிற ஆள் இல்லையே நீங்கள். என் கல்லூரி முதல் நாளில் நான் போட்டிருந்த செருப்பின் நிறம் உங்களுக்கு நினைவிருக்கிறது.

நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு. பழைய கோப்புகளைப் பார்த்தேன். மூன்று வருடம் முன்பு இதேபோல ஒரு ஷெட் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று சாயங்காலமே ஒரு வரிக் கடிதம் போயிற்று, இனி அங்கே எந்த வேலையும் கொடுக்கக் கூடாது என்று. கோப்பு அதோடு முடிகிறது. "தீர்வு காணப்பட்டது" என்று முத்திரை. அங்கே தைத்துக்கொண்டிருந்தவர்கள் மறுநாள் எங்கே போனார்கள் என்று ஒரு தாள்கூட இல்லை. கம்பெனி மட்டும் சுத்தமாக வெளியே வந்துவிட்டது.

அது உங்களுக்கு நடக்க விடமாட்டேன். ஆனால் தெரியாமல் எதுவும் செய்ய முடியாது. ஒன்பதாவது கேள்வி, அண்ணி.

உங்கள்,
கண்ணாடி


பிப்ரவரி 6

அன்புள்ள கண்ணாடிக்கு,

ஜலதோஷம் போனதில் சந்தோஷம். நீ வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

கதவு இரண்டு. முன்னால் இரும்பு ஷட்டர். வேலை தொடங்கியதும் பாதி இறக்கிவிடுவார்கள், குனிந்துதான் போகவேண்டும். பின்னால் ஒரு கதவு. அதற்குப் பூட்டு. அதற்கு முன்னால் ஜிப் பெட்டிகள். யாராவது ஜிப்பைத் திருடிவிடுவோமாம். ஆரஞ்சு ஜிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன மாலையா கட்டப் போகிறேன்? சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீக்கடையில்.

நாடா நறுக்கினால் முனை பிரியும். அதனால் சூடான பிளேடால் உருக்கி வெட்டுவோம். பக்கத்திலேயே பசை டின்கள். டிசம்பரில் ஒரு நாள் பிளேடு கீழே விழுந்து துணித்துண்டில் பற்றிக்கொண்டது. தண்ணீர்ப் பானையை அப்படியே கவிழ்த்தோம், அணைந்தது. ஆனால் அதற்குள் எல்லோரும் ஷட்டருக்கு ஓடியிருந்தோம். நாற்பத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்தால் என்ன ஆகும் என்று அன்றுதான் பார்த்தேன். ஒருத்திக்கு மணிக்கட்டு பிசகியது. பிறகு சிரித்தோம். எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை. உன் அண்ணனிடம் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன்.

இனி நன்றாகக் கேட்டுக்கொள். எனக்குக் கதவும் திறக்க வேண்டும், வேலையும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வருகிற மாதிரி நீ படித்த புத்தகத்தில் ஏதாவது வழி இருந்தால் எழுது. இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்.

அண்ணி


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கும் அண்ணனுக்கும் உடம்பு நலம்தானே? இங்கே நான் நலம், கொஞ்சம் கோபமாகவும் இருக்கிறேன். கோபம் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது.

வழி இருக்கிறது. புத்தகத்தில் இல்லை, எங்கள் கம்பெனியின் கடிதப் போக்குவரத்தில் இருக்கிறது. அந்தப் பைக்கு ஆர்டர் கொடுத்தபோது நிறம் நீலம், நாற்பது நாள் அவகாசம். பத்தொன்பதாவது நாளில் நிறத்தைச் சாம்பலாக மாற்றினார்கள். கெடுவை மாற்றவில்லை. மிச்சம் இருந்த இருபத்தொரு நாளில் பெரிய ஃபாக்டரியால் பாதிப் பைதான் தைக்க முடியும். மீதிப் பாதி எங்கே போகும்? உங்கள் ஷெட்டுக்கு. அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் ஆர்டரிலும் இதே கதைதான். நிறத்தை மாற்றச் சொல்லி அனுப்பிய கடிதத்தில் எழுத்துப்பிழை திருத்தியது நான். அப்போது எனக்கு அதில் எழுத்துப்பிழை மட்டும்தான் தெரிந்தது.

ஆக, பெரிய ஃபாக்டரி எங்களை ஏமாற்றிவிட்டது என்பது பாதிக் கதைதான். வேலையை வெளியே தள்ளியது எங்கள் கெடு. நாங்கள் செய்த வினைக்கு நாங்கள் கைகழுவிவிட்டுப் போக முடியாது. இதை மேடத்திடம் சொல்லப்போகிறேன். நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன், பின்னால் யாரும் தோண்டி எடுக்கக் கூடாது.

அதற்கு முன் ஒன்று வேண்டும். நாற்பத்து மூன்று பேருக்கும் என்ன வேண்டும் என்று அவர்களே எழுதிய ஒரு தாள். அவர்களைக் கேட்காமல் அவர்களுக்காக நான் ஒருத்தி முடிவெடுத்தால், அந்த ஒரு வரிக் கடிதத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? விருப்பம் இல்லாதவர்கள் பெயர் போட வேண்டாம்.

உங்கள்,
கண்ணாடி


மார்ச் 15

அன்புள்ள கண்ணாடிக்கு,

"உயிரோடு இருக்கிறீர்களா?" என்று நீ அனுப்பிய கார்டு வந்தது. இருக்கிறேன். எல்லோரும் இருக்கிறோம். ஒரு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் எழுத நேரமில்லை.

சாப்பாட்டு வேளையில் விஷயத்தைச் சொன்னேன். நூல் வெட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாள், கத்தரி என்றுதான் கூப்பிடுவோம். அவள் எடுத்த எடுப்பிலேயே, "கையெழுத்துப் போட்டுட்டு வேலை போச்சுன்னா உன் வீட்டு வாசல்ல வந்து உக்காரட்டுமா? மூணு வேளை போடுவியா?" என்றாள்.

ரேடியோ விடவில்லை. அவள் பக்கத்து மெஷின், வாய் நிற்காது. "தீப்பிடிச்சா அது வாட்ச்மேன் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமாடி?"

"பிடிச்சா பாத்துக்கலாம்."

"எதைப் பாத்துக்குவே? ஷட்டருக்குக் கீழே என் முதுகையா?"

நாலு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ரேடியோவுக்கு அது பெரிய தண்டனை. கடைசியில் முப்பத்தொரு பேர் பெயர் போட்டார்கள். பன்னிரண்டு பேர் போடவில்லை. கத்தரியும் போடவில்லை, ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். நான் நம்புகிறேன்.

தாள் இத்துடன். மூன்றே வரிதான். பின்கதவைத் திறந்து வையுங்கள். ஷட்டரை முழுதாகத் தூக்குங்கள். வேலையை எங்களிடமிருந்து எடுக்காதீர்கள். ஷெட்டில் நல்ல காகிதம் எங்கே இருக்கிறது? துணிக்கட்டோடு வரும் பண்டல் சீட்டின் பின்பக்கம்தான் கிடைத்தது. முன்பக்கத்தில் ஏதேதோ எண்கள் அச்சடித்திருக்கும், கண்டுகொள்ளாதே. அழுக்காக இருந்தால் வேறு தாளில் நீயே பிரதி எடுத்துக்கொள். உன் மேடம் தப்பாக நினைக்கப் போகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். முப்பத்தொரு பேருக்கும், பெயர் போடாத பன்னிரண்டு பேருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

அந்த அழுக்குத் தாளை நான் பிரதி எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். முன்பக்கத்தில் நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொன்ன எண்கள், எங்கள் ஆர்டர் எண்ணும் பெரிய ஃபாக்டரியின் கட்டு எண்ணும்தான். எங்கள் துணி உங்கள் ஷெட்டுக்கு வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எந்த ஆய்வாளருக்கும் கிடைத்திருக்காது.

நேற்றுப் பேசினேன். மேடம், கொள்முதல் பிரிவின் தலைவர், நான். முதல் வாக்கியமே, "என் அண்ணி அங்கதான் வேலை செய்யறாங்க" என்பது. கொள்முதல்காரர் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இதுல நீங்க பேசவே கூடாது."

"அதனாலதான் சார் முதல்ல அதைச் சொன்னேன். இனி தாள் பேசட்டும்."

சீட்டை மேஜையில் வைத்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்த்தார், மேடம் பின்பக்கத்தைப் படித்தார்.

"இன்னைக்கே ஆர்டரை நிறுத்திடுவோம். நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் அவர்.

"நிறுத்தினா நாம தப்பிச்சுக்கலாம் சார். பூட்டு அப்படியே இருக்கும். அந்தக் கதவுக்குள்ள வேற கம்பெனியோட பை தைப்பாங்க."

பிறகு நிறத்தை மாற்றிய கடிதத்தையும் கெடுத் தேதியையும் பக்கத்தில் வைத்தேன். கடிதத்தின் அடியில் அவர் கையெழுத்து இருந்தது. மேடம் மட்டும், "நானே போய்ப் பார்க்கிறேன்" என்றார்.

ஆர்டர் நிற்கவில்லை அண்ணி. இப்போதைக்கு இதுதான் செய்தி. எனக்கு வேறொன்றும் விசேஷம் இல்லை.

உங்கள்,
கண்ணாடி


ஏப்ரல் 10, புதன், காலை பதினொரு மணி

அன்புள்ள கண்ணாடிக்கு,

நலம். உன் அண்ணனுக்கு லாரி கிடைத்துவிட்டது. வீடு அமைதியாக இருக்கிறது.

வியாழக்கிழமை உன் மேடம் வந்தார். வருவது எப்படியோ முந்தின நாளே தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் முதலாளி தானே நின்று பூட்டை எடுத்தார், ஜிப் பெட்டிகளை அகற்றினார், கதவுக்கு எண்ணெய்கூடப் போட்டார். எல்லாம் பளபளவென்று இருந்தது. மேடம் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எந்திரிச்சு பின்கதவு வழியா வெளிய போங்க. அவசரம் வேண்டாம்" என்றார்.

ரேடியோதான் முதல் ஆள். கதவைத் திறந்தாள், நின்றாள். வெளியே நெஞ்சு உயரத்துக்குப் பெட்டிகளும் ஃபோம் சுருள்களும். உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து அந்தக் கதவுக்கு வெளியேயே அடுக்கியிருந்தார்கள்.

"ஏறித் தாண்டணுமா மேடம், இல்ல சுத்திக்கிட்டு வரணுமா?"

முதலாளி ஓடி வந்தார். "அது இன்னைக்குக் காலையிலதாங்க வந்து இறங்குச்சு."

"ஆமா மேடம்," என்றாள் ரேடியோ. "நேத்து வரைக்கும் உள்ளதான் இருந்துச்சு."

மேடம் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். பிறகு முதலாளியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எங்களோடு உட்கார்ந்தார். வேலை நிற்காது, ஷெட்டைப் பட்டியலில் சேர்ப்போம், கதவு சரியானால் அடுத்த ஆர்டருக்கு நாற்பத்தைந்து நாள் அவகாசம் என்றார். கத்தரி எழுந்து, "எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தார்.

போகும்போது நான் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அந்தப் பொண்ணு இப்ப என் பிரிவுல இல்ல. அவ இல்லாம கஷ்டமா இருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வேறொன்றும் விசேஷம் இல்லை" என்று எழுதினாயே, இது விசேஷம் இல்லையா?

அண்ணி


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம்தான், நிஜமாகவே.

ஆமாம், மாற்றிவிட்டார்கள். உறவினர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் தலையிட்டேன் என்பது காரணம். எழுதும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. இப்போது நான் கட்டடத்துக்கு வேண்டிய பேனா, காகிதம், ஸ்டேப்ளர் எல்லாம் வாங்கும் பிரிவில். இந்தக் கட்டடத்தில் பேனா மூடிகளை யாரோ தின்கிறார்கள், வேறு விளக்கம் இல்லை. சன்னலோர இருக்கை. மதியத்தில் படிக்க நேரம் கிடைக்கிறது. உங்களிடம் சொன்னால் தாளைத் திருப்பிக் கேட்பீர்கள் என்று பயந்து மறைத்தேன்.

சரி, என்னைக் கேட்டுவிட்டீர்கள். இனி நான் கேட்கிறேன். உங்கள் கடிதத்தின் தலையில் புதன்கிழமை காலை பதினொரு மணி என்று போட்டிருக்கிறது. நான்கு வருடத்தில் நீங்கள் எனக்கு வேலை நாளில் பகலில் எழுதியதே இல்லை. காலை பதினொரு மணிக்கு நீங்கள் மெஷினில் இருக்க வேண்டும்.

ஏன் வீட்டில் இருக்கிறீர்கள்?

உங்கள்,
கண்ணாடி


மே 4

அன்புள்ள கண்ணாடிக்கு,

நலம். முதுகுவலி சுத்தமாகப் போய்விட்டது. அதிலிருந்தே உனக்குத் தெரிந்திருக்குமே.

மேடம் வந்துபோன மறுநாள், "உனக்கு இங்க வேலை இல்ல" என்றார் முதலாளி. உன் கம்பெனிக்கு யார் எழுதியது என்று எல்லோரையும் கேட்டார். நாற்பத்து மூன்று வாயும் மூடியே இருந்தன, பெயர் போடாத பன்னிரண்டும் சேர்த்து. ஆனால் அவர் கண்டுபிடிக்க ஒரு கஷ்டமும் படவில்லை. என் நாத்தனார் பெரிய கம்பெனியில் இருக்கிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள், இங்கிலீஷில் கடிதம் திருத்துவாள் என்று நாலு வருடமாக அந்த ஷெட்டில் பெருமை பேசினது யார்? நான்தான். என் வாயே எனக்குச் சாட்சி சொன்னது.

நீ இதில் இறங்காதே. இன்னொரு தடவை பேசினால் ஸ்டேப்ளரும் போய்விடும். கதவுக்குத் தள்ளினால் திறக்கிற கம்பி போட்டாயிற்றாம். ரேடியோ வந்து சொன்னாள். எனக்கு அது போதும். எனக்குத் தைக்கத் தெரியும், எங்கேயாவது தைப்பேன். சொன்ன பேச்சைக் கேள்.

அண்ணி


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கம்பெனியின் கொள்கைப் புத்தகத்தின் பிரதி எல்லா அறைகளிலும் இருக்கிறது. அதன் ஏழாம் பக்கத்தில், குறையைச் சொன்னதற்காக யாருடைய வேலையும் போகக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. நல்ல வரி. இதுவரை யாரும் அதைப் பயன்படுத்திப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தையும் உங்கள் மே மாதக் கடிதத்தின் ஒரு பத்தியையும் எடுத்துக்கொண்டு மேலாளர்கள் கூட்டத்துக்குப் போனேன். நான் போனது பேனா வாங்க ஒப்புதல் கேட்க. அதைக் கேட்டு முடித்துவிட்டு உட்காரவில்லை.

"முப்பத்தொரு பேர் நம்மளை நம்பி எழுதினாங்க. ஒருத்தர் வேலை போயிடுச்சு. அவங்க என் அண்ணி. அண்ணியா இல்லாம இருந்தாலும் இதையேதான் சொல்வேன்."

கொள்முதல்காரர், "இதெல்லாம் பெரிய ஃபாக்டரிக்கும் ஷெட்டுக்கும் உள்ள விஷயம்" என்றார்.

"பை நம்ம பை சார்."

மேடம் அன்றே எழுதிவிட்டார். நிறுத்தப்பட்டவரைத் திரும்ப எடுத்து, வேலை இல்லாத நாட்களுக்கும் சம்பளம் கொடுத்த பிறகுதான் நாற்பத்தைந்து நாள் ஆர்டர் கையெழுத்தாகும் என்று. பெரிய ஃபாக்டரி ஒப்புக்கொண்டது. உங்களைக் கூப்பிடுவார்கள். போவதும் போகாததும் உங்கள் விருப்பம். உங்களைக் கேட்காமல் செய்தேன். மன்னிக்க வேண்டாம், பதில் எழுதினால் போதும்.

என் இருக்கை அதே சன்னலோரம்தான்.

உங்கள்,
கண்ணாடி


ஜூன் 5

அன்புள்ள கண்ணாடிக்கு,

நலம். முதுகுவலி திரும்ப வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வேலைக்குப் போனேன். முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை, மெஷினைக் கையால் காட்டினார். நான் இல்லாத நாட்களில் இரண்டு பேர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள், கத்தரி என் மெஷினில் பழகியிருக்கிறாள், நன்றாகவே தைக்கிறாள். இப்போது ரேடியோவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். ரேடியோவுக்கு இரண்டு பக்கமும் ஆள் கிடைத்துவிட்டது.

அன்று ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு நகரவில்லை. நாங்கள் எல்லோரும் பின்கதவு வழியாகத்தான் உள்ளே போனோம்.

அண்ணி